குப்புறப் படுக்கும் வாடிக்கையாளர்

வாடிக்கையாளர் செருப்பைக் கழற்றிவிட்டு மெத்தைமேல் ஏறிப் படுக்கும்போது, மெத்தை விற்கிற அந்த மனிதர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்கிறார். சுவரில் பார்க்க ஒன்றுமில்லை. தீயணைப்புக் குப்பியும் அதற்குக் கீழே துரு வடிந்த கறையும்தான். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு அந்தக் கறையிடம் கேட்கிறார்: "இடுப்பு இறங்குதா? தோள் அமுங்குதா? அவசரமில்ல, நிதானமாப் படுத்துப் பாருங்க." பதில் வரும்வரை திரும்புவதில்லை. நின்றுகொண்டு பேரம் பேசுகிற ஆள் வேறு, படுத்தபின் அதே ஆள் வேறு என்பது அவர் கட்சி. "படுத்திருக்கிறவங்களை நின்னுக்கிட்டுப் பாக்கக் கூடாதுங்க. பாக்குறாங்கன்னு தெரிஞ்சாலே உடம்பு விறைச்சுக்கும். அப்புறம் எந்த மெத்தையும் பிடிக்காது."

இந்த ஊருக்கு வந்த புதிதில் நானும் அந்த முதுகைப் பார்த்தபடி படுத்து எழுந்திருக்கிறேன். எதை வாங்கினாலும் ஏமாற்றிவிடுவார்களோ என்று பயந்துகொண்டிருந்த காலம். "ஒருக்களிச்சுப் படுப்பீங்களா, மல்லாந்தா, குப்புறவா?" என்று கேட்டார். ஒருக்களித்து என்றேன். "யோசனைக்காரர்," என்றார் சுவரிடம். வீட்டு விலாசம் கொடுத்தபோதுதான் தெரிந்தது, எனக்கு நேர் கீழ்வீடு அவருடையது. அதற்குப் பிறகு மாலையில் அவர் படியேறும் ஓசையை வைத்தே அன்றைய வியாபாரத்தைச் சொல்லிவிடுவேன். கடையில் கூட்டம் அலைமோதிய நாளில் படிக்குப் படி நின்று ஏறுவார். ஈ ஓட்டிய நாளில் நிற்காமல் ஏறுவார், ஆனால் கதவைத் திறந்ததும் பெருமூச்சு விடுவார்.

கட்டடத்தில் எல்லோருக்கும் அவர் மெத்தைக்காரர். பாதம் வீங்குவதால் ஓர் அளவு பெரிய செருப்பு. சட்டைப்பையில் எப்போதும் அளவு நாடா. முகமும் தோளும் காய்ந்து வற்றிய உடம்பில் உள்ளங்கைகள் மட்டும் யாரிடமோ இரவல் வாங்கியதுபோல் மிருதுவாக இருக்கும். எங்கே உட்காரப் போனாலும், பேருந்து இருக்கையோ என் வீட்டு நாற்காலியோ, முதலில் உள்ளங்கையை வைத்து அழுத்தி எடுப்பார். தடம் எழும்பி வரும் வேகத்தைப் பார்த்துவிட்டுத்தான் உட்காருவார். "கடை முழுக்கக் கட்டில் தம்பி. நிக்கிறது ரெண்டே ரெண்டு. நானும் தொடப்பமும்," என்பார். சற்றுப் பொறுத்து, "அதைக்கூடச் சாத்தி வைப்பாங்க."

அவர் வீட்டுக் கட்டிலில் இருப்பதோ நடுவில் பள்ளம் விழுந்த பழைய மெத்தை. மருந்துக் கடையில் ரசீது போடும் வேலை பார்க்கிற அவர் மனைவிக்கு இதைச் சொல்லிக் காட்டாமல் பொழுது போகாது. "ஊருக்கெல்லாம் இடுப்பு பாக்குறார். எங்க வீட்டுல ரெண்டு பேரும் எந்தப் பக்கம் படுத்தாலும் நடுவுல வந்து முட்டிக்குவோம். அதனாலதான் எங்க சண்டை எதுவும் மறுநாளைக்கு நிக்கிறதில்ல."

அந்த வீட்டுக் கூடத்தில், தொலைக்காட்சி இருக்க வேண்டிய இடத்தில், ஒரு கண்ணாடிப் பெட்டி இருக்கிறது. அதில் ஒரு பல்லி. சுவரில் ஓடுகிற ரகமல்ல. மஞ்சள் தோலில் கரும்புள்ளிகளும், நம்மைப்போல் மூடித் திறக்கிற இமைகளும், விரல் பருமனுக்குக் கொழுத்த வாலும் உள்ள, தரையில் நடக்கிற வளர்ப்புப் பல்லி. சாப்பிட்டதில் மிச்சத்தை வாலில் சேர்த்து வைத்துக்கொள்ளும். அவர்களுடைய ஒரே மகள் ஆசைப்பட்டு வளர்த்தது. வேளாவேளைக்குச் சாப்பிடுகிறது, படுக்கிறது, ஒரு துரும்பைக்கூட நகர்த்துவதில்லை என்பதால் அம்மா அதற்கு வைத்த பெயர் 'வீட்டோட மாப்பிள்ளை'. அந்தப் பெயரே நிலைத்தது. "மாப்பிள்ளை சாப்பிட்டாரா?" என்று கேட்டுக்கொண்டுதான் மெத்தைக்காரர் செருப்பைக் கழற்றுவார்.

மகளுக்கு வேறு ஊரில் வேலை கிடைத்தது. தங்கும் விடுதியில் உயிருள்ளது எதையும் வைத்துக்கொள்ளக் கூடாதாம். கிளம்புகிற அன்று பெட்டியின் முன்னால் உட்கார்ந்து, அப்பாவுக்கு ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுத்தாள். எந்தப் பக்கம் அடியில் மின்தகட்டின் சூடு, எந்தப் பக்கம் தண்ணீர், புழுவை எப்படிப் போடுவது. "தரைக்கு நியூஸ் பேப்பர் போதும்பா. அழுக்கானா மாத்துங்க. வேற எதையும் மாத்த வேணாம். நான் வந்து கூட்டிட்டுப் போற வரைக்கும் இது இப்படியே இருக்கணும்." அவர் தலையை ஆட்டினார். வாசலில் அவள் பையைத் தூக்கிக்கொண்டபோது, "நான் உங்களை நம்பித்தான் விட்டுட்டுப் போறேன்," என்றாள். வாடகை வண்டி போன பிறகும் அவர் தெருவிலேயே நின்றார். நிற்பது அவருக்குப் பழக்கம்தான். ஆனாலும் மனைவி வந்து கூப்பிட வேண்டியிருந்தது.

மகள் 'தரை' என்றுதான் சொல்லியிருந்தாள். அவர் காதில் அது 'படுக்கை' என்று விழுந்துவிட்டது. தொழில் செய்த வேலை அது. மெத்தை விற்றே ஒரு மகளைப் படிக்க வைத்த மனிதனின் வீட்டில், வீட்டு ஆள் ஒருவர் பழைய செய்தித்தாளில் படுப்பதா? அதுவும் அவள் ஒப்படைத்துவிட்டுப் போன ஜீவன். கடைக்குப் போய்வரும்போதெல்லாம் அது அவரை அரித்தது. "தம்பி, பேப்பர்ல படுக்கிறதுன்னா அது பிளாட்பாரம்தானே?" என்று ஒருநாள் படியில் நிறுத்திக் கேட்டார். பல்லிக்கு அது தெரியுமா என்றேன். "படுக்கிறவங்களுக்கு எல்லாம் தெரியும்," என்று ஏறிப் போய்விட்டார்.

அடுத்த விடுமுறை நாளில் வளர்ப்புப் பிராணிக் கடைக்குப் போய், ஒரு பையைத் தூக்கிக்கொண்டு வந்தார். உப்பைப்போல் வெண்மையான நைஸ் மணல். உள்ளே போனாலும் செரித்துவிடும் என்று பையில் அச்சிட்டிருந்தது. செய்தித்தாளை உருவி எறிந்துவிட்டு, நாடாவால் ஆழம் அளந்து மணலைப் பரப்பி, உள்ளங்கையை வைத்து அழுத்தினார். தடம் அப்படியே நின்றது. என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். "பாத்தீங்களா, எப்படி வாங்கிக்குது. மெமரி ஃபோம் மெத்தையே தோத்துடும்." பல்லி இறங்கி நாலடி நடந்து, மணலை நக்கிப் பார்த்துவிட்டு, குழி பறித்துப் படுத்தது. அந்த வாரம் முழுக்க, கடையில் கூட்டமிருந்த நாளில்கூட, அவர் நின்று நின்று ஏறவில்லை. மகளுக்கு மட்டும் சொல்லவில்லை. வரும்போது பார்த்து ஆச்சரியப்படட்டும் என்று விட்டுவிட்டார்.

முதலில் கவனித்தது மனைவி. "ஏங்க, மாப்பிள்ளை இளைச்சுட்டார்." புழு போட்டால் பார்த்துக்கொண்டே இருந்தது. பிறகு பார்ப்பதையும் நிறுத்திக்கொண்டது. வால் நாளுக்கு நாள் ஒடுங்கி, பென்சில்போல் ஆயிற்று. பெட்டியில் எச்சமும் இல்லை. மகள் தினமும் மாலையில் காணொளியில் கூப்பிடுவாள். அவர் கைபேசியைப் பல்லியின் முகத்துக்கு அருகில் கொண்டுபோய், மணல் தெரியாதபடி, வால் தெரியாதபடி பிடித்துக்கொள்வார். "என்னப்பா எப்பப் பாத்தாலும் மூஞ்சியவே காட்டுறீங்க? பாஸ்போர்ட் போட்டோவா?" என்றாள் ஒருநாள். "மூஞ்சி களையா இருக்குல்ல, அதான்," என்றார். பேசி முடித்ததும் கைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, சாப்பாட்டு மேசையில் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். "சொல்லித் தொலைங்களேன்," என்றார் மனைவி. "என்னன்னு சொல்றது? உன் பிள்ளையை நான் மெத்தை போட்டுப் படுக்க வெச்சேன், அது எந்திரிக்கலன்னா?"

பிராணி மருத்துவரிடம் துணைக்கு வரச் சொன்னார், போனேன். காலணிப் பெட்டியில் துணி விரித்து மடியில் வைத்துக்கொண்டு வந்தார். மருத்துவர் இளம்பெண், அதிகம் பேசாதவர். எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் மாட்டினார். பல்லியின் வயிற்றில் வெள்ளையாக ஒரு கட்டி.

"மணல்," என்றார் மருத்துவர்.

"அது செரிச்சிடும்னு பையில போட்டிருந்ததுங்க."

"பையில ஆயிரம் போடுவாங்க. இது நக்கிப் பாத்துத்தான் உலகத்தைத் தெரிஞ்சுக்கும். புழுவைப் பிடிக்கிறப்ப மணலோட சேத்துத்தான் வாயில வரும். உங்களுக்கு அது படுக்கை. அதுக்கு அதுதான் சாப்பாட்டுத் தட்டு."

இன்றே மணலை எடுத்துவிட வேண்டும். தினமும் வெதுவெதுப்பான தண்ணீரில் உட்கார வைத்து வயிற்றை மெதுவாக நீவிவிட வேண்டும். இறங்காவிட்டால் அறுவைதான், இந்த உடம்பு அதைத் தாங்குமா என்று சொல்ல முடியாது என்றார் மருத்துவர். இனி எதை விரிப்பது என்று கேட்டதற்கு, "வாய்க்குள்ள போகாத எதையும். அடியிலிருந்து சூடு வயித்துக்குப் போகணும், அப்பத்தான் செரிக்கும். அது எப்படிப் படுக்குதுன்னு பாத்திருப்பீங்கல்ல?" என்றார்.

திரும்பும் பேருந்தில் பெட்டியை மடியில் அணைத்தபடி வெகுநேரம் சன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தார். பிறகு மெல்ல, "குப்புற," என்றார்.

"என்னண்ணே?"

"குப்புறப் படுக்குது தம்பி. இத்தனை வருஷத்துல குப்புறப் படுக்கிற ஒரு ஆளுக்குக்கூட மெத்துன்னு ஒண்ணு வித்ததில்ல நான். வயிறு இறங்கிடும். வேணும்னு சண்டை போட்டாக்கூடத் தர மாட்டேன். கடைக்கு வர்ற எவன்கிட்டயும் கேக்குற மொதல் கேள்வி, வீட்டுல இருக்கிறதுகிட்ட கேக்கல பாருங்க."

அன்று மாலையே மணல் போயிற்று, செய்தித்தாள் வந்தது. மகள் விட்டுப்போன அதே கோலம். கடையிலிருந்து வந்ததும், வீங்கிய காலோடு தரையில் சம்மணமிட்டு, ஆழமில்லாத டப்பாவில் வெந்நீர் கலந்து, மணிக்கட்டில் விட்டுப் பார்த்துவிட்டுப் பல்லியை இறக்குவார். மெத்தையை அழுத்திப் பழகிய அந்தக் கட்டைவிரல், காற்று படுவதுபோல் அதன் வயிற்றில் மேலிருந்து கீழாகப் போகும். பல்லி இமையை மூடிக்கொள்ளும். அப்போது அவரும் கண்ணை மூடிக்கொள்வார், கூச்சத்தாலோ தூக்கத்தாலோ.

ஒருநாள் கடையில் நான் தலையணை உறை பார்த்துக்கொண்டிருந்தபோது மனைவியின் அழைப்பு வந்தது. கட்டிலில் ஒரு தம்பதி மல்லாந்திருந்தார்கள். சுவரைப் பார்த்தபடியே கைபேசியை எடுத்தார். "என்ன? போயிட்டாரா? நல்லாப் போனாரா? வெள்ளையா? கெட்டியா? சரி, தூக்கிப் போட்டுடாத, நான் வந்து பாக்குறேன்." படுத்திருந்த கணவன் மனைவி இருவரும் எழுந்து உட்கார்ந்துவிட்டார்கள். கல்லாவிலிருந்த பெண் எட்டிப் பார்த்து, "யாருக்குண்ணே?" என்றாள். "மாப்பிள்ளைக்கு. ரொம்ப நாளா அடைச்சுக் கிடந்தது." "பொண்ணுக்குக் கல்யாணம் ஆயிடுச்சா? எங்களுக்கெல்லாம் சொல்லவே இல்ல?" அவர் விளக்கவில்லை. கட்டிலின் விளிம்பில், வேலை நேரத்தில் நான் பார்த்து முதல் தடவையாக, ஒரு நிமிடம் உட்கார்ந்தார். தடம் எழும்புகிறதா என்று அழுத்திக்கூடப் பார்க்கவில்லை.

மணல் இறங்கியதே தவிரப் பல்லி வாய் திறக்கவில்லை. வெதுவெதுப்பு போதவில்லையோ என்னவோ, நீராட்டி விட்டால் தாள் நனைந்து குளிர்ந்துவிடுகிறது; அது தாளைக் கீறி அடியில் நுழைந்து வெறும் கண்ணாடியில் வயிற்றை வைத்துப் படுத்துக்கொள்கிறது. மெத்தைக்காரர் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார். "கஸ்டமர் கட்டிலை விட்டு இறங்கித் தரையில படுக்குறார். அதுக்கு மேல என்ன சொல்லணும்," என்றார்.

மனைவிக்கு வேறு கணக்கு. "இந்தப் பேப்பரே இருக்கட்டும்ங்க. அவ வெச்ச மாதிரியே இருக்கு. வால் மெதுவாத் தேறிக்கும். நடுவுல என்ன நடந்துச்சுன்னு யாருக்குத் தெரியப் போகுது? பேப்பர் வாய் திறந்து சொல்லவா போகுது?" சொன்னதில் தப்பில்லை. தாள் அப்படியே இருந்தால் மகளுக்கு ஒன்றும் தெரியாது. வேறு எதை விரித்தாலும் அவள் கேட்பாள். கேட்டால் மணலைச் சொல்ல வேண்டும். அவர் நனைந்த தாளின் ஓரத்தைத் தொட்டுப் பார்த்தார். கடைசியில், "நீ சொல்றது எனக்கு நல்ல படுக்கை. அதுக்கில்ல," என்றார்.

மறுபடி பிராணிக் கடைக்குப் போனோம். விற்கிற பெண் சிரித்த முகத்தோடு அலமாரி அலமாரியாகக் காட்டினாள். தேங்காய் நார்த்தூள். "இது எங்க கடையில முதுகுவலிக்காரங்களுக்கு. தூள் பறக்கும், வேணாம்," என்றார் மெத்தைக்காரர். மரச்சீவல். மோந்து பார்த்துத் தும்மினார். பச்சைக் கம்பளம். விரல் நகத்தால் இழுத்தார். நூல் மாட்டிக்கொண்டு வந்தது. "எனக்கே மாட்டுதே." வால்நட் ஓட்டுத் தூள். மணலின் பங்காளி என்றார். அந்தப் பெண் சலிக்காமல், "சார் பொதுவா எந்த மாதிரி எதிர்பாக்குறீங்க? சாஃப்ட்டாவா, நேச்சுரலாவா?" என்றாள். அவர் அவளையே பார்த்தார். வெளியே வந்ததும் சொன்னார்: "என் கேள்வியை என்கிட்டயே கேக்குது. பாவம், அதுவும் காலையிலேர்ந்து நின்னுக்கிட்டுத்தான் இருக்கு."

நேரே அவர் கடைக்கு அடுத்திருந்த டைல் கடைக்குள் நுழைந்தார். வழவழப்பாக மின்னிய அடுக்குகளைத் தாண்டி, மூலையில் கிடந்த சொரசொரப்பான சாம்பல் நிற ரகத்தில் உள்ளங்கையை வைத்து அழுத்தினார். எடுத்தார். தடம் இல்லை. "தடம் விழாத மெத்தையை இன்னைக்குத்தான் வாங்குறேன்."

"பாத்ரூமா சார், கிச்சனா?" என்றார் கடைக்காரர்.

"பெட்ரூம்."

"எவ்வளவு சதுர அடி?"

மெத்தைக்காரர் நாடாவை இழுத்துக் காட்டினார். கடைக்காரர் நாடாவையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். "யாருக்கு சார் இந்த பெட்ரூம்?"

"மாப்பிள்ளைக்கு."

"கோவமா அவர் மேல?"

"என் மேல," என்றார்.

வெட்டி வாங்கிய இரண்டு துண்டுகளையும் நான் தூக்கிக்கொண்டேன். அவர் படிக்குப் படி நின்று ஏறினார். ஓரங்களைத் தேய்த்துக் கழுவி, துடைத்து, சூட்டுப் பக்கம் ஒன்று, குளிர்ந்த பக்கம் ஒன்று என்று பதித்தார். இடுக்கில் விரல் போகிறதா என்று சோதித்தார். சூடு ஏறும்வரை காத்திருந்து புறங்கையை வைத்துப் பார்த்தார். பல்லியை எடுத்து விட இருந்த நேரத்தில் கைபேசி ஒலித்தது. மனைவி அவரைப் பார்த்தார். அவர் பல்லியை ஒரு கையில் ஏந்தியபடி மறுகையால் அழைப்பை எடுத்து, முதல் தடவையாகக் கைபேசியை எட்டவே பிடித்தார். பெட்டி முழுவதும் தெரிந்திருக்கும்.

"அப்பா, அது என்ன கீழ? கல்லா?"

"டைல்."

"பேப்பர் எங்க?"

"எடுத்துட்டேன். இப்ப இல்ல, நீ போன கொஞ்ச நாள்லயே எடுத்துட்டேன். மணல் போட்டேன். அதைத் தின்னுட்டு வயிறு அடைச்சுக்கிச்சு. டாக்டர்கிட்ட காட்டியாச்சு, இறங்கிடுச்சு. ஆனா இன்னும் சாப்பிடல."

அந்தப் பக்கம் விடுதியில் யாரோ வாளி இழுக்கும் ஓசை மட்டும் கேட்டது.

"வாலைக் காட்டுங்க."

காட்டினார். ஒரே கையில் பிடித்ததில் படம் ஆடியிருக்கும். அவள் அசையாமல் பிடிக்கச் சொல்லவில்லை.

"நான் பேப்பர்னுதானேப்பா சொன்னேன்."

"சொன்ன."

"அப்புறம் ஏம்பா?"

"பேப்பர்ல படுக்க வைக்க மனசு வரல, கண்ணு."

கைபேசியில் மூக்கை உறிஞ்சும் ஓசை கேட்டது. பிறகு, "சரி, விடுங்க. இறக்கி விடுங்க. பாப்போம்," என்றாள்.

அவர் குனிந்து உள்ளங்கையைச் சூடான டைலோடு ஒட்டி வைத்தார். பல்லி இறங்கவில்லை. அந்த மெத்தையிலேயே கொஞ்ச நேரம் கிடந்தது. பிறகு ஒரு காலை வைத்தது. இன்னொன்றை. வயிறு கல்லில் படிந்தது. மனைவி இடுக்கியால் ஒரு புழுவை எடுத்து அதன் முன்னால் போட்டுவிட்டு ஒதுங்கினார்.

"என்னப்பா செய்யுது? காட்டுங்கப்பா. ஒண்ணும் தெரியல."

"இரு கண்ணு," என்றார் அவர், "படுத்துப் பாக்குறார்." கைபேசியைத் திரை உள்பக்கமாக நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, பெட்டிக்கு முதுகைக் காட்டிச் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார்.